ஆறாவது கேள்வியைக் கேட்கப் போகிறவர்களுக்கு

வாழ்வின் நிறைவை அளக்க வினாத்தாளோடு கிளம்பும் உளவியல், சமூகப்பணி, செவிலியர் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே,



கடைசிப் பருவம் வந்துவிட்டது. தலைப்பு முடிவாகி, கைடு கையெழுத்துப் போட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கிடைத்த கையோடு டேட்டா கலெக்‌ஷனுக்குக் கிளம்பியிருப்பீர்கள். படிப்பு எதுவானாலும் நீங்கள் போகுமிடம் பெரும்பாலும் ஒன்றுதான்: முதியோர் இல்லத்து வராந்தா, டயாலிசிஸ் பிரிவு, புற்றுநோய் வார்டு. கையில் ஒப்புதல் படிவங்கள், ஜெராக்ஸ் எடுத்த வினாத்தாள்கள். உங்களைவிட ஐம்பது வயது மூத்த ஒருவர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, உங்கள் வாழ்க்கை அர்த்தமுள்ளதாக இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். நான் முதியோர் பராமரிப்பில் வேலை பார்ப்பவள். நீங்கள் பஸ் பிடித்துப் போன பிறகும் அந்தக் கேள்வி அங்கே தங்கிவிடுவதைப் பார்க்கிறவள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவுகோலை எடுத்துக்கொண்டு போங்கள், அது வேண்டும். ஆனால் அது ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும் உண்மையை, உங்கள் எதிரே இருக்கும் ஒருவரைப் பற்றியும் சொல்லிவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். அந்த ஒருவரை அறிய வேண்டுமானால், அவர் தம் வாழ்வை எதைக்கொண்டு அளக்கிறார் என்பதை முதலில் அவர் வாயால் கேட்க வேண்டும்.

இந்த அளவுகோல்களை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அவற்றின் வேர்கள் பெருந்துயரத்தில் இறங்கியிருக்கின்றன. வியன்னாவின் மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் 1942இல் குடும்பத்தோடு நாஜி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவுஷ்விட்ஸ் உள்ளிட்ட முகாம்களைக் கடந்து 1945இல் அவர் உயிரோடு வெளியே வந்தபோது தாய், தந்தை, சகோதரர், மனைவி ஆகியோரில் எவரும் மிஞ்சவில்லை. வாழ்வதற்கு ஒரு காரணத்தைத் தேடுவதே மனிதனின் முதல் வேட்கை என்று அவர் 1946இல் எழுதினார். அந்தச் சிந்தனையை அளந்து பார்க்க அமெரிக்காவில் கிரம்பா, மஹோலிக் என்ற இருவர் 1964இல் 20 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை அமைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை. மொத்தம் 20க்கும் 140க்கும் இடையே ஒரு மதிப்பெண். நீங்கள் இன்று பயன்படுத்தும் பல ஸ்கேல்களுக்கு அதுதான் முன்னோடி.

இஸ்ரேலில் ஆரோன் அன்டனோவ்ஸ்கி என்ற ஆய்வாளர் மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். வதைமுகாம்களில் இருந்து தப்பி வந்த பெண்களில் 100க்கு 29 பேர் மனநலத்தோடு இருந்தார்கள். முகாமைப் பார்க்காதவர்களில் அப்படி இருந்தவர்கள் 51 பேர். முகாம் மனிதரை உடைக்கிறது என்று எழுதி அவர் முடித்திருக்கலாம். அவரோ, அந்த 29 பேர் எப்படி உடையாமல் இருந்தார்கள் என்று கேட்டார். வாழ்க்கை புரிகிறது, சமாளிக்க முடிகிறது, பாடுபடத் தகுந்ததாக இருக்கிறது என்ற மூன்று உணர்வுகளைச் சுற்றி அவர் கட்டிய அளவுகோல் உலகெங்கும் போயிற்று.

ஜப்பானில் மியேகோ காமியா என்ற மனநல மருத்துவர் தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த நாகஷிமா தீவு மருத்துவமனையில் பணியாற்றினார். ஒரே நோய், ஒரே சட்டம், ஒரே வேலி. சிலர் வெறுமையில் கிடந்தார்கள். சிலர் முகத்தில் உயிர் இருந்தது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியோடு அவர்களிடம் பேசிப் பேசியே 1966இல் 'இகிகாய்', அதாவது வாழ்வதற்கான காரணம், பற்றிய தம் நூலை எழுதினார். பின்னாளில் மியாகி மாகாணத்தின் ஓசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையிலான 43,391 பேரிடம் அந்த இகிகாய் இருக்கிறதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, ஏழாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இல்லை என்றவர்கள் இறக்கும் வாய்ப்பு, இருக்கிறது என்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு இருந்ததாக 2008இல் முடிவு வெளியானது. வயது, நோய், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. சிகாகோவில் மறதிநோய் இல்லாத 900க்கும் மேற்பட்ட முதியோரை வைத்து நடந்த ஆய்வொன்று, வாழ்க்கை நோக்கத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்கள் அல்சைமர் வராமல் தப்பிக்கும் வாய்ப்பு, குறைந்த மதிப்பெண் பெற்றவர்களைவிட 2.4 மடங்கு என்று 2010இல் சொன்னது. இன்னும் வெளியே தெரியாத நோய்தான் நோக்கத்தை முன்கூட்டியே தின்றதா, நோக்கம்தான் நோயைத் தள்ளிப்போட்டதா என்ற கேள்வி அங்கே திறந்தே இருக்கிறது. ஆனாலும் எண்கள் வீணல்ல. மக்கள் கூட்டத்தைப் பற்றி அவை பேசும்போது காது கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் தாளுக்கு வருகிறேன். உங்களில் பலர் எடுத்துப் போவது உலகச் சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தர வினாத்தாளின் சுருக்க வடிவம்: 26 கேள்விகள். அதன் பிறப்பில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1990களில் அந்த அளவுகோலைச் சேர்ந்து உருவாக்கிய 15 மையங்களில் ஒன்று சென்னை. நோயாளிகள், நலமாக இருப்பவர்கள், மருத்துவப் பணியாளர்கள் ஆகியோரைத் தனித்தனிக் குழுக்களாக உட்காரவைத்து, நல்ல வாழ்க்கை என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டுத்தான் கேள்விகளைத் திரட்டினார்கள். ‘கொஞ்சம்’, ‘மிக அதிகம்’ போன்ற பதில் சொற்களைக்கூட மேசையிலிருந்து எழுதவில்லை. உள்ளூர் மக்களிடம் ஒரு கோட்டைக் கொடுத்து, இந்தச் சொல் இதில் எங்கே விழும் என்று குறிக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தார்கள். இவ்வளவு மரியாதையோடு செய்த கருவி அது.

அந்தத் தாளின் ஆறாவது கேள்வி, உங்கள் வாழ்க்கை எந்த அளவுக்கு அர்த்தமுள்ளதாக இருப்பதாக உணர்கிறீர்கள் என்பது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கவனித்தீர்களா? மூன்றாவது கேள்வி, உடல் வலி வேலையைத் தடுக்கிறதா என்பது. நான்காவது, அன்றாட வாழ்வுக்கு எவ்வளவு மருத்துவம் தேவைப்படுகிறது என்பது. வலியையும் மாத்திரையையும் நினைவுபடுத்திய பிறகு, வாழ்க்கையை ரசிக்கிறீர்களா என்று ஒன்றைக் கேட்டுவிட்டு, அர்த்தத்துக்கு வருகிறோம். அதுவும் கடந்த இரண்டு வாரங்களை மனதில் வைத்துச் சொல்லச் சொல்கிறோம். எண்பது வருட வாழ்க்கையை அந்த அம்மா இரண்டு வாரத்துக்குள் பார்க்க வேண்டும்; அந்த இரண்டு வாரத்தில் அவருக்குச் சளி பிடித்திருக்கலாம், பேரன் போன் பண்ணாமல் இருந்திருக்கலாம்.

கேள்விகளின் வரிசை பதிலை மாற்றும் என்பது உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும். 1988இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் முதலில் வாழ்க்கை எப்படி இருக்கிறது, அடுத்து காதல் சந்திப்புகள் எவ்வளவு அடிக்கடி என்று கேட்டபோது இரண்டு பதில்களுக்கும் தொடர்பே தெரியவில்லை. வரிசையை மாற்றிக் கேட்டதும் இரண்டும் இறுகக் கட்டிப்போட்டது போல ஒன்றாக ஏறி இறங்கின. கேட்பவர் எந்தக் கதவைத் திறந்து வைக்கிறாரோ அதன் வழியாகத்தான் சொல்பவர் தம் வாழ்க்கையைப் பார்க்கிறார்.

அடுத்து, முதியோர் இல்லத்தில் நடப்பது. வார்டன் வந்து பக்கத்தில் நின்று, "இந்தப் பொண்ணு காலேஜ்ல இருந்து வந்திருக்கு, கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லுங்கம்மா" என்பார். பாட்டி தலையாட்டுவார். ஆறாவது கேள்வியை நீங்கள் படித்ததும், "என்னமோ ஓடுது கண்ணு, சாமி எப்பக் கூப்பிடுதோ" என்பார். ஐந்து கட்டங்களில் இது எந்தக் கட்டம்? நேரமாகிறது, இன்னும் எட்டுப் பேர் பாக்கி. நடுக்கட்டத்தில் டிக் விழும்.

அந்த ஒரு வரிக்குள் இருப்பவற்றைப் பாருங்கள். அங்கே கொண்டுவந்து விட்ட மகனை வெளியாளிடம் விட்டுக்கொடுக்கக்கூடாது என்ற வைராக்கியம் இருக்கலாம். குறை சொன்னால் இல்லத்தில் சோறு போடுகிறவர்களுக்குக் கோபம் வருமோ என்ற பயம் இருக்கலாம். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும் என்ற எண்ணம் இருக்கலாம். சின்னப் பிள்ளை, இதன் மனம் வாடக்கூடாது என்று உங்கள்மேல் வந்த கரிசனமாகவும் இருக்கலாம். ‘3’ என்ற எண்ணில் இதில் எதுவும் போய்ச் சேராது.

இதைவிட என்னை உறுத்துவது ஒன்று உண்டு. உளவியலாளர் கரோல் ரிஃப் 1989இல் வெளியிட்ட உளநல அளவுகோலில் ஆறு கூறுகள். அதில் ஒன்று வாழ்க்கையின் நோக்கம். நேர்த்தியான வேலை, சிகாகோ ஆய்வு பயன்படுத்தியதும் அந்த வழியில் வந்த கேள்விகளைத்தான். அதில் இரண்டு கூற்றுகள் வருகின்றன. வாழ்வில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டதாகச் சில நேரம் தோன்றுகிறது என்ற பொருளில் ஒன்று. எதிர்காலத்தைப் பெரிதாக நினைக்காமல் ஒவ்வொரு நாளாக வாழ்கிறேன் என்ற பொருளில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒருவர் ‘ஆம்’ என்றால் மதிப்பெண் குறையும். நோக்கம் என்றால் முன்னால் இருக்கும் இலக்கு என்ற பார்வையில் கட்டிய கருவி அது. அந்தப் பார்வையில் அப்படித்தான் கணக்கு வரும்.

நம் ஊரில் ஒரு நெசவாளர் தாத்தாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "மூணு பொண்ணுங்களையும் கரையேத்திட்டேன். ஒருத்தனுக்கும் கடன் பாக்கி இல்ல. செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. இனி அன்னன்னைக்கு எந்திரிச்சா அன்னன்னைக்குப் பொழுது" என்பார். அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து உட்காருவார். அவருடைய நிறைவே அதுதான். கடமையை முடித்தவர் என்ற பெருமையை ஊரும் அவருக்குக் கொடுத்திருக்கிறது. உங்கள் தாளிலோ, அவர் பெருமையாகச் சொன்ன இரண்டு வாக்கியங்களும் இரண்டு குறைகளாக ஏறும். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில் அவர் ‘வாழ்க்கை நோக்கம் குறைந்த பிரிவினர்’ என்ற பட்டைக்குள் போய்விடுவார். அவரைவிட நிறைவான மனிதரை அந்த மாதம் முழுக்க நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். அதே சொற்களை, "எல்லாம் முடிஞ்சுது, இனி என்ன இருக்கு" என்று இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வார். சாப்பாடு இறங்காது, தூக்கம் இராது, பேச்சு குறைந்துவிடும். அது மனச்சோர்வு, மருத்துவம் தேவைப்படும் நோய். கிரம்பாவின் பழைய சோதனையில் தற்கொலை எண்ணம் பற்றியே ஒரு கேள்வி உண்டு. அர்த்தமின்மையை அளக்கிறோமா, மனச்சோர்வை அளக்கிறோமா என்ற சர்ச்சை அதன்மேல் எழுந்ததற்கு அதுவும் காரணம். நிறைந்தவரும் உடைந்தவரும் ஒரே கட்டத்தில் டிக் வாங்குகிறார்கள். அவர்களைப் பிரித்தறிய முகத்தைப் பார்க்க வேண்டும், குரலைக் கேட்க வேண்டும். அதற்கு ஸ்டூலில் இன்னும் கால் மணி நேரம் உட்கார வேண்டும்.

ஊருக்கு ஊர் இந்த அர்த்தம் வேறு விதமாக நடந்துகொள்கிறது என்பதை ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். மைக்கேல் ஸ்டெகரும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட 10 கேள்வி வினாத்தாள், அர்த்தம் இருப்பதையும் அர்த்தத்தைத் தேடுவதையும் தனித்தனியே அளக்கிறது. அமெரிக்கர்களில் தேடல் கூடினால் இருப்பு சற்றுக் குறைகிறது. ஜப்பானியர்களில் இரண்டும் சேர்ந்தே உயர்கின்றன. தேடுவதைக் குறையின் அடையாளமாகப் பார்க்கும் ஊரும் உண்டு, நிறைவின் பகுதியாகப் பார்க்கும் ஊரும் உண்டு. ஓயிஷியும் டீனரும் 2014இல் 132 நாடுகளின் தகவலை எடுத்துப் பார்த்தபோது, பணக்கார நாடுகளைவிட ஏழை நாடுகளில்தான் தங்கள் வாழ்க்கைக்கு முக்கியமான நோக்கம் உண்டு என்று சொன்னவர்கள் அதிகம். சமயப் பிடிப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று அவர்கள் கணித்தார்கள். வறுமை இனிது என்று இதற்குப் பொருளில்லை. அதே நாடுகளில் வாழ்க்கைத் திருப்தி குறைவுதான். திருப்தியும் அர்த்தமும் வேறு வேறு வழியில் போகக்கூடியவை என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அப்படியானால் எப்படித்தான் அளப்பது? நல்ல வழிகளைச் சிலர் ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகரில் மார்ட்டின் ஃபெக் குழுவினர், நோய்தணிப்பு மருத்துவத்தில் இருப்பவர்களுக்காக ஒரு முறையை அமைத்தார்கள். அதில் கேள்வியாளர் எதையும் முன்வைப்பதில்லை. உங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் தருபவை எவை என்று கேட்டு, மூன்று முதல் ஏழு வரை நோயாளியே சொல்கிறார். பிறகு, ஒவ்வொன்றும் எவ்வளவு முக்கியம், அதில் இப்போது எவ்வளவு திருப்தி என்று அவரே எண் கொடுக்கிறார். கடைசியில் ஒரு மதிப்பெண்ணும் கிடைக்கிறது, ஆய்வுக்குப் பயன்படுகிறது. ஆனால் அளக்கும் கோடுகளைப் போட்டவர் அந்த மனிதர்.

கனடாவின் வின்னிபெக் நகரில் ஹார்வி சோச்சினோவ் என்ற மருத்துவர் இன்னும் ஓரடி போனார். மரணத்தை நெருங்கியவர்களிடம் அவர்களுடைய முக்கியமான நினைவுகள், பெருமைப்படும் வேலைகள், பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புவது ஆகியவற்றைக் கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கித் திருத்தி, அந்தக் குடும்பத்தின் கையில் கொடுக்கும் முறை அது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 100 பேரிடம் செய்து 2005இல் வெளியிட்டபோது, 68 பேர் தங்கள் நோக்கம் பற்றிய உணர்வு கூடியதாகவும் 67 பேர் அர்த்த உணர்வு கூடியதாகவும் சொல்லியிருந்தார்கள். 2011இல் பெரிய அளவில் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. மனவேதனையை அளக்கும் அளவுகோல்களில் மற்ற சிகிச்சைகளோடு ஒப்பிட வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் இது உதவியதா என்று நேராகக் கேட்டபோது, இந்த முறைக்கு உட்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஆம் என்றார்கள். குடும்பத்தார் தங்களைப் பார்க்கும் பார்வையே மாறியது என்றார்கள். அளவுகோலை மட்டும் நம்பியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இரண்டையும் நேர்மையாக எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

இனி என் வேண்டுகோள்கள்.

ஒன்று: ஸ்கேலின் கேள்விகளையோ வரிசையையோ மாற்றாதீர்கள், மாற்றினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. ஆனால் தாளை எடுப்பதற்கு முன் தாள் இல்லாமல் பேசுங்கள். "உங்களுக்கு எதெல்லாம் முக்கியம்? எதை நெனச்சா மனசு நெறையுது?" என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: வார்டனும் மருமகளும் மகனும் இல்லாத இடத்தில் கேளுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் ஆய்வேட்டின் வரம்புகள் பகுதியில் அதைத் தெளிவாக எழுதுங்கள்.

மூன்று: டிக் அடித்த கட்டத்துக்குப் பக்கத்தில், அதற்கு முன் அவர் சொன்ன வாக்கியத்தையும் எழுதுங்கள். வைவாவில் உங்களிடம் யாரும் அதைக் கேட்காமல் போகலாம். ஆனாலும் எண் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

நான்கு: யாரிடமும் அவருடைய மதிப்பெண் குறைவு என்று சொல்லாதீர்கள். ஒரு வாழ்க்கைக்குத் தீர்ப்பு எழுதும் தகுதி அந்த எண்ணுக்குக் கிடையாது.

ஐந்து, எல்லாவற்றிலும் முக்கியமானது: ஒருவர், "இல்லப்பா, எதுக்கு இருக்கேன்னே தெரியல" என்று சொன்னால் பேனாவை மூடிவிடுங்கள். அந்த நேரத்தில் ஏழாவது கேள்விக்குப் போவது தவறு. உடன் உட்கார்ந்து கேளுங்கள். சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அன்றே உங்கள் கைடிடமும் இல்லத்தின் மருத்துவரிடமும் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். உங்கள் மாதிரி எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் குறையட்டும்.

கைடுகள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: ஒரு மாணவருக்கு 200 பேர் என்று நிர்ணயிப்பதற்குப் பதிலாக 60 பேரிடம் உட்கார்ந்து கேட்க நேரம் கொடுங்கள். அதற்கேற்ற ஆய்வு முறையும் புள்ளியியலும் இருக்கின்றன.

மாணவர்களே, ஒவ்வோர் ஆண்டும் உங்களைப் போல எத்தனையோ பேர் தமிழ்நாட்டின் முதியவர்கள் முன் உட்காருகிறீர்கள். கரையேற்றிய பிள்ளைகள், அடைத்த கடன், தவறாமல் போன குலதெய்வக் கோயில், கையில் இன்னும் இருக்கும் தொழில், யாருக்கும் பாரமாகாமல் போய்ச்சேர வேண்டும் என்ற ஆசை என்று அவர்கள் சொல்லும் பட்டியல்கள், டிக் அடித்ததும் காற்றோடு போகின்றன. அவற்றைச் சேர்த்து வையுங்கள், உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சிடுங்கள், அடுத்து வரும் ஜூனியர்களிடம் ஒப்படையுங்கள். சென்னை மையத்தில் ஒருமுறை மக்களைச் சுற்றி உட்காரவைத்துக் கேட்டுத்தான் கேள்விகள் பிறந்தன. கடமை முடித்த தாத்தாவுக்கு மதிப்பெண் குறைக்காத ஓர் அளவுகோல் தமிழில் வர வேண்டுமானால், அதற்கான முதல் வரிகள் உங்கள் குறிப்பேட்டில்தான் எழுதப்பட வேண்டும். இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.

அன்புடன்,
முதியோர் பணியில் இருக்கும் உங்கள் மூத்த தோழி